போடிக்குக் குடிபோகும் முன்: எந்த நிறுவனத்தின் சிம், எந்தத் திட்டம்?

குழு: கொட்டகுடி வீட்டார்

சுந்தரம் · காலை 7:10
அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் நாங்கள் இருவரும் சென்னையை விட்டுப் போடிநாயக்கனூருக்கே வந்து அம்மாவுடன் தங்கப் போவது உங்களுக்குத் தெரியும். அதற்குள் செல்பேசி விஷயத்தில் ஒரு முடிவுக்கு வர விரும்புகிறேன். எங்கள் இரண்டு எண்களுக்கும் போட்ட ஓராண்டு ரீசார்ஜ் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. ஜியோ, ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பிஎஸ்என்எல் என்று நாடு முழுவதும் சேவை தரும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. விளம்பரத்தைப் பார்த்தால் நான்குமே முதலிடத்தில் இருப்பதாகத் தெரிகிறது. ஓய்வூதியம், வங்கி, ஆதார் எல்லாம் இந்த எண்ணோடு இணைந்திருப்பதால் எண்ணை மட்டும் விட முடியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகி · காலை 7:24
அண்ணா, அம்மாவின் பட்டன் போனையும் இதோடு சேர்த்துப் பேசிவிடுங்கள். அம்மா யாருக்கும் வாட்ஸ்அப் அனுப்புவதில்லை, படம் பார்ப்பதில்லை. நாம் கூப்பிட்டால் எடுப்பார்கள், அவர்களாக மூன்று பேரைக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். அதற்கு நாம் 28 நாளுக்கு ஒருமுறை தினசரி டேட்டாவோடு ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறோம்.

யாழினி · காலை 7:41
அப்பா, நான் நேற்று இரவு விலைகளைப் பார்த்தேன். 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு, நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் ஜியோ திட்டம் 349 ரூபாய், அதே அளவு தரும் ஏர்டெல் திட்டம் 379 ரூபாய் என்று அறிவித்தார்கள். முப்பது ரூபாய் குறைவாக இருக்கிறதே, குடும்பம் முழுவதும் அதற்கே மாறிவிடலாம் என்று தோன்றியது. கதிர், நீ இந்தத் துறையிலேயே வேலை பார்க்கிறாய், நீ என்ன நினைக்கிறாய்?

கதிரவன் · காலை 8:05
மாமா, வணக்கம். யாழினி சொன்ன கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். 349 ரூபாய் திட்டம் 28 நாளுக்கு உரியது; 379 ரூபாய் திட்டம் ஒரு முழு மாதத்துக்கு உரியது. 28 நாள் திட்டத்தை ஓர் ஆண்டில் பதின்மூன்று முறை போட வேண்டும், அதாவது 4,537 ரூபாய். மாதத் திட்டத்தைப் பன்னிரண்டு முறை போட்டால் 4,548 ரூபாய். முப்பது ரூபாயாகத் தெரிந்த வித்தியாசம் ஆண்டு முழுவதற்கும் சேர்த்துப் பதினொரு ரூபாயாகிவிடுகிறது. 28 நாள் கணக்கு மக்களைக் குழப்புகிறது என்ற முறையீடுகள் வந்ததால்தான், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றையும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் உத்தரவிட்டது. ஆகவே எந்த விலையைப் பார்த்தாலும் நாள் கணக்கால் வகுத்துப் பாருங்கள்.

ஆனால் மாமா, விலையை இரண்டாவதாகத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. தனியார் நிறுவனங்கள் மூன்றும் ஒரே வாரத்தில் விலையேற்றின. இன்றும் அவற்றின் ஒரே மாதிரித் திட்டங்களுக்கு இடையே ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்க்குமேல் வித்தியாசம் வருவது அரிது. போடி வீட்டுக்குள், அதுவும் அப்பத்தா படுக்கும் உள்ளறையில், எந்த சிக்னல் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. நாடு முழுவதும் ஒரு நிறுவனத்துக்கு எத்தனை கோடி வாடிக்கையாளர்கள் இருந்தாலும் நம் தெருவுக்கு அதனால் பயன் இல்லை. போடி மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. டவர் மலையின் ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கம் சிக்னல் மறைந்துபோகும். சமவெளியில் ஐந்து கிலோமீட்டர் எட்டுகிற டவர் அங்கே இரண்டு தெருவுக்குள் ஓய்ந்துவிடலாம்.

சுந்தரம் · காலை 8:19
சென்னையில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. அதே நிறுவனம் போடியில் மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்க வேண்டும்?

கதிரவன் · காலை 8:33
அலைவரிசைதான் காரணம், மாமா. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் அவற்றில் நெரிசல் எளிதில் வந்துவிடும். 2300, 3300 போன்ற உயர்ந்த அலைவரிசைகளில் வேகம் அதிகம், எட்டும் தூரம் குறைவு. பெருநகரத்தில் சில நூறு மீட்டருக்கு ஒரு டவர் இருப்பதால் இந்தக் குறை தெரிவதில்லை. சிற்றூரில் டவர்கள் தள்ளித் தள்ளி இருக்கும், அதோடு நம் பழைய வீட்டின் சுவர் ஒன்றரை அடிக் கனம். வாசலில் நான்கு கோடு காட்டும் செல்பேசி உள்ளறையில் ஒரு கோட்டுக்கு இறங்குவது அதனால்தான்.

ட்ராய் 2024இல் கொண்டுவந்த சேவைத்தர விதிமுறைகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் சேவை எட்டும் இடங்களின் வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும். போடியை அந்த வரைபடங்களில் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆனால் வரைபடம் திறந்த வெளியைக் காட்டுகிறது, உள்ளறையைக் காட்டாது. நேரில் சோதிப்பதற்கு ஈடில்லை. சின்ன மாமா ஊரிலேயே இருப்பதால் அவரால்தான் இது முடியும்.

செல்வம் · காலை 9:02
படித்தேன், கதிர். அண்ணா, இன்று மாலை நானே பார்த்துச் சொல்கிறேன். என்னிடம் ஒரு நிறுவனத்தின் சிம் இருக்கிறது, பக்கத்து வீட்டில் இரண்டு நிறுவனங்களின் சிம் இருக்கின்றன, நான்காவது என் கடைப் பையனிடம் இருக்கிறது. நான்கையும் வாசல், கூடம், உள்ளறை, மாடி, கிணற்றடி என்று எல்லா இடத்திலும் வைத்துப் பார்க்கிறேன். எந்த வேளையில் பார்க்க வேண்டும்?

கதிரவன் · காலை 9:10
இரவு எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் பாருங்கள், சின்ன மாமா. எல்லோரும் வீட்டில் இருந்து படம் பார்க்கும் நேரம் அது. டவரில் நெரிசல் இருந்தால் அப்போதுதான் வெளிப்படும். கோடுகளை மட்டும் எண்ணாதீர்கள், ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை பேசிப் பாருங்கள். டேட்டா வேகத்துக்கு ட்ராயின் மைஸ்பீட் செயலி இருக்கிறது. கோடு நிறைய இருந்தும் வேகம் இல்லையென்றால் நெரிசல் என்று பொருள். கோடே இல்லையென்றால் தூரம் அல்லது சுவர் என்று பொருள். முன்னது நேரத்தைப் பொறுத்து மாறும், பின்னது மாறாது.

சுந்தரம் · காலை 9:26
பிஎஸ்என்எல் பற்றி எனக்கு ஒரு தனிப் பற்று உண்டு. அதன் கட்டணமும் குறைவு. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? வி நிறுவனம் கடனில் இருப்பதாகப் படித்தேன், அதை நம்பிப் போகலாமா?

கதிரவன் · காலை 9:48
பிஎஸ்என்எல்லை ஒதுக்க வேண்டியதில்லை, மாமா. 2024இல் மற்றவர்கள் விலையேற்றியபோது அது ஏற்றவில்லை. 2025 செப்டம்பர் 27 அன்று, உள்நாட்டிலேயே உருவாக்கிய கருவிகளைக் கொண்ட அதன் 4ஜி சேவையை, 97,500க்கும் மேற்பட்ட டவர்களுடன் பிரதமர் தொடங்கிவைத்தார். ஆனால் அது தன் 4ஜிக்கு 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைப் பயன்படுத்துகிறது. 700ஐ ஏற்காத பழைய செல்பேசியாக இருந்தால் டவர் அருகில் இருந்தும் 4ஜி கிடைக்காமல் போகலாம். செல்பேசியின் விவரக் குறிப்பில், இந்த 700ஐக் குறிக்கும் பேண்ட் 28 இருக்கிறதா என்று பாருங்கள்.

வி நிறுவனம் அரசுக்குச் செலுத்த வேண்டிய அலைக்கற்றைப் பாக்கியில் 36,950 கோடி ரூபாயை 2025இல் அரசு பங்குகளாக மாற்றிக்கொண்டது. அதன்பின் ஏறத்தாழ 49 விழுக்காடு பங்கு அரசிடம் இருக்கிறது. நாளையே மூடிவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டாம். ஆனால் எந்த நிறுவனமானாலும், நம் வீட்டில் சோதித்துப் பார்க்கும் முன் ஓராண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

தேவகி · காலை 10:15
கதிர் சொல்வதோடு நானும் ஒன்றைச் சேர்க்கிறேன். 2018இல் ஏர்செல் சேவை தமிழ்நாடு முழுவதும் நின்றுபோனபோது, அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறத் தேவையான குறியீட்டைக் கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பக்கூட சிக்னல் இல்லாமல் பலர் தவித்தார்கள். வீட்டில் மூன்று பேர் இருந்தால் மூவரும் ஒரே நிறுவனத்தில் இருக்கக் கூடாது என்பது அப்போதே என் மனத்தில் பதிந்துவிட்டது. அண்ணன் ஒன்று வைத்துக்கொண்டால் அண்ணி வேறொன்று வைத்துக்கொள்ளட்டும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இரவில் மருத்துவரைக் கூப்பிட வேண்டியிருந்தால் ஏதாவது ஒன்றாவது பேச வேண்டும்.

யாழினி · காலை 10:22
அத்தை சொல்வது சரி. எல்லோரும் ஒரே நிறுவனம் என்ற என் யோசனையை விட்டுவிடுகிறேன்.

செல்வம் · இரவு 9:50
பார்த்துவிட்டேன். வாசலிலும் மாடியிலும் நான்குமே பேசுகின்றன. கூடத்தில் மூன்று தெளிவாக இருக்கின்றன, ஒன்று விட்டுவிட்டுக் கேட்கிறது. அம்மாவின் உள்ளறையில் என் சிம்மும் பக்கத்து வீட்டு முதல் சிம்மும் மட்டுமே நிற்கின்றன. அண்ணன் இப்போது வைத்திருக்கும் நிறுவனத்தின் சிம்தான் கடைப் பையனிடம் இருப்பது. அது உள்ளறையில் அறவே இல்லை. டேட்டா வேகத்தில் பக்கத்து வீட்டு முதல் சிம்தான் முந்துகிறது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் நண்பர் வீட்டிலும் வைத்துப் பார்த்தேன், அங்கே வரிசை அப்படியே மாறிவிட்டது. ஆகவே ஊரில் யார் கேட்டாலும் நான் ஒரு பெயரைச் சொல்லப் போவதில்லை, அவரவர் வீட்டில் பார்க்கச் சொல்வேன்.

சுந்தரம் · இரவு 10:04
மிக்க நன்றி, தம்பி. அப்படியானால் நான் பக்கத்து வீட்டு முதல் சிம்மின் நிறுவனத்துக்கு மாறுகிறேன். உன் அண்ணி உன் நிறுவனத்துக்கு மாறட்டும். அம்மாவுக்கு என்ன செய்வது?

கதிரவன் · இரவு 10:21
அப்பத்தாவுக்கு இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும், மாமா. முதலாவது, அவருடைய பட்டன் போன் 2ஜியா, 4ஜியா என்பது. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி சேவை கிடையாது; அதன் பேச்சு 4ஜி, 5ஜியில்தான் நடக்கிறது. பழைய 2ஜி பட்டன் போனில் அந்த சிம்மைப் போட்டால் வேலை செய்யாது, 4ஜி பட்டன் போன் ஒன்று புதிதாக வாங்க வேண்டும். மற்ற மூன்று நிறுவனங்களின் சிம் 2ஜி போனிலும் பேசும்.

இரண்டாவது, திட்டம். டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டத்தைத் தனியே தர வேண்டும் என்று ட்ராய் 2024 டிசம்பரில் ஆணையிட்டது. அத்தகைய திட்டத்தை 365 நாள் வரை நீட்டவும் இடம் கொடுத்தது. அதன்பின் 2025 தொடக்கத்தில் ஏர்டெல் 365 நாளுக்கு 1,849 ரூபாய் என்றும், ஜியோ 336 நாளுக்கு 1,748 ரூபாய் என்றும் அறிவித்தன. இங்கேயும் நாள் கணக்கால் வகுத்தால், விலை கூடுதலாகத் தெரியும் முதல் திட்டம் நாளுக்கு 5 ரூபாய் 7 காசு, குறைவாகத் தெரியும் இரண்டாவது திட்டம் 5 ரூபாய் 20 காசு. விலைகள் மாறியிருக்கலாம், பணம் கட்டும் முன் செயலியில் ஒருமுறை சரிபாருங்கள். கடைகளில் இந்தத் திட்டங்களைத் தாமாக எடுத்துச் சொல்வது குறைவு. நாம்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். முதியவர்கள் டேட்டாவுக்குப் பணம் கட்டிக்கொண்டே இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

தேவகி · இரவு 10:30
அம்மாவின் போன் 2ஜிதான், எனக்கு நன்றாகத் தெரியும். பழகிய போனை மாற்ற வேண்டாம். தம்பியின் சிம் உள்ளறையில் நிற்கிறது, அது 2ஜியிலும் பேசும் நிறுவனம். அம்மாவின் எண்ணை அதற்கே மாற்றி, பேச்சு மட்டும் உள்ள ஓராண்டுத் திட்டத்தைப் போட்டுவிடலாம். பணத்தை நான் கட்டுகிறேன்.

யாழினி · இரவு 10:34
அப்பா, உங்களுக்கு 5ஜி வேண்டுமா? பெரும்பாலும் நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் திட்டங்களில்தான் அளவில்லா 5ஜி கொடுக்கிறார்கள். உங்கள் செல்பேசி 4ஜி மட்டுமே ஏற்பது. அதோடு, படம் பார்க்கும் செயலிகளின் சந்தா சேர்ந்த திட்டங்களையும் தவிர்த்துவிடுங்கள். அந்தச் சந்தாவை நான் ஏற்கெனவே கட்டுகிறேன், உங்களுக்கும் பங்கிட்டுத் தருகிறேன்.

சுந்தரம் · காலை 6:50
நல்லது. நாளுக்கு ஒன்றரை ஜிபி எனக்குப் போதும். இனி எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றும் முறையையும் சொல்லிவிடு, கதிர். ஓய்வூதியம் வரும் தேதியில் சிக்கல் வரக் கூடாது.

கதிரவன் · காலை 7:32
சொல்கிறேன், மாமா. போர்ட் என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணை எழுதி 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். எட்டு எழுத்துகள் கொண்ட குறியீடு ஒன்று வரும். அது நான்கு நாளுக்குச் செல்லும். அதற்குள் ஆதாருடன் புதிய நிறுவனத்தின் கடைக்குப் போக வேண்டும். சென்னையும் போடியும் ஒரே தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்தில் இருப்பதால் மூன்று வேலை நாளில் மாறிவிடும். வேறு மாநில எண்ணாக இருந்தால் ஐந்து வேலை நாள் ஆகும். இப்போதிருக்கும் நிறுவனத்தில் 90 நாள் நிறைந்திருக்க வேண்டும். உங்களுக்கு அது எப்போதோ நிறைந்துவிட்டது. சமீபத்தில் சிம்மைத் தொலைத்து மாற்று சிம் வாங்கியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும்.

மீதமிருக்கும் நாளும் இருப்புத்தொகையும் புதிய நிறுவனத்துக்கு வராது. ஆகவே ரீசார்ஜ் முடிய ஐந்தாறு நாள் இருக்கும்போது தொடங்குங்கள். மாறும் நேரத்தில் சில மணி நேரம் எண் வேலை செய்யாது, ஓடிபி வராது. வங்கி வேலை எதையும் அன்று வைத்துக்கொள்ளாதீர்கள். இருவரும் ஒரே நாளில் மாறாமல், உங்களுடையது பேசத் தொடங்கியபின் அத்தையுடையதை மாற்றுங்கள். முதல் ரீசார்ஜ் 28 நாளுக்கு மட்டும் போதும். போடிக்கு வந்து ஒரு மாதம் பார்த்தபின் ஓராண்டுக்குப் போடலாம். வீட்டில் பிராட்பேண்ட் வாங்கினால் செல்பேசியின் அமைப்புகளில் வைஃபை காலிங் என்பதையும் இயக்கிவையுங்கள். அப்போது டவர் எட்டாத அறையிலும் பேசலாம்.

சுந்தரம் · காலை 7:45
குறித்துக்கொண்டேன். ரீசார்ஜ் 30ஆம் தேதி முடிகிறது. 24ஆம் தேதி குறுஞ்செய்தி அனுப்பி அன்றே கடைக்குப் போகிறேன். தம்பி, அம்மாவின் எண்ணுக்கு நீ எப்போது போகிறாய்?

செல்வம் · காலை 7:51
வரும் சனிக்கிழமை அம்மாவையே கடைக்கு அழைத்துப் போகிறேன், அண்ணா. கைரேகை வைக்க அவர்கள் நேரில் இருக்க வேண்டும். தேவகி அக்கா, ஆதார் அட்டை உங்களிடம் இருக்கிறதா, இங்கே பீரோவில் இருக்கிறதா?

தேவகி · காலை 7:53
பீரோவில் மேல்தட்டில், ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.