புது ஃப்ளாட் சாவி வாங்கும் முன் என்னென்ன பார்க்கணும்? ஒரு மணி நேரம்தான் தருகிறார்கள்

மேடவாக்கம்_4வதுமாடி:

மேடவாக்கத்தில் 2 பிஹெச்கே. ஸ்டில்ட் (கீழே பார்க்கிங் தளம்) + 5 மாடி, எங்களுடையது 4வது மாடி. "வீடு ரெடி, வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பில்டரிடமிருந்து மெயில். சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கூடவே ஒரு கடிதம்: "முழுமையாகச் சோதித்துத் திருப்தியடைந்தேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை." தனியாக இன்ஜினியர் வைக்க பட்ஜெட் இல்லை. நாங்களே பார்ப்பதென்றால் எதில் ஆரம்பிப்பது, என்ன எடுத்துப் போவது? சுவரில் அங்கங்கே விரிசல் இருக்கிறது. "பெயின்ட் விரிசல்தான் சார்" என்கிறார் சைட் இன்ஜினியர். நம்பலாமா?

சென்ட்ரிங்பலகை:

ஒரு மணி நேரத்தில் பெயின்ட் கலரைத்தான் பார்க்க முடியும். இரண்டு விசிட் கேளுங்கள், நடுவில் 48 மணி நேரம் இடைவெளி வேண்டும். காரணம் பாத்ரூம். புது ஃப்ளாட்டில் பிற்பாடு சரிசெய்யப் பெரிய செலவு வைப்பது தண்ணீர்தான், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதல் நாள் போனதும் பாத்ரூமில் கதவுக்கு எதிர்மூலையில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் நஹானி டிராப்புக்கு (தரையில் தண்ணீர் இறங்கும் துளை) போய்ச் சேர வேண்டும். மீட்டருக்கு 10 மிமீயாவது வாட்டம் இருந்தால்தான் ஓடும். கமோடுக்குப் பின்னால் குளம் கட்டி நின்றால் வாட்டம் தப்பு. அதைச் சரிசெய்ய டைல்ஸைப் பெயர்த்துத்தான் ஆகணும், அதனால் குடிபோவதற்கு முன்பே செய்ய வையுங்கள்.

அடுத்து, ஈரத்துணியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி டிராப் வாயை இறுக்கி அடைத்து, வாசல் கல்லுக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் கட்டுங்கள். சுவர் டைல்ஸில் பென்சிலால் மட்டம் கிழித்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பால்கனி, யுட்டிலிட்டிக்கும் இதே. இரண்டு நாள் கழித்துப் பார்க்க வேண்டியது உங்கள் பாத்ரூமை விட 3வது மாடி பாத்ரூமின் சீலிங்கை. கீழ் ஃப்ளாட் சாவியை பில்டரிடமே கேட்டு வாங்குங்கள். ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் அதன் மூடியைத் திறந்து டார்ச் அடித்து, பைப் ஸ்லாபைத் துளைத்து வரும் இடங்களைப் பாருங்கள், கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். 24 மணி நேரம் போதாதா என்பார்கள். சங்கன் ஸ்லாப் (பாத்ரூமுக்காகத் தாழ்த்திப் போட்ட தளம்) என்றால் கசியும் தண்ணீர் முதலில் உள்ளே கொட்டிய நிரப்பலில் ஊறித் தேங்கும், கீழே தெரிய நேரமாகும். ஆகவே 48.

ஃப்ளஷ் டேங்கில் நாலு சொட்டு சொட்டுநீலம் விட்டு, இருபது நிமிடம் அமுக்காமல் விடுங்கள். கமோடில் நீலம் இறங்கினால் உள்ளே வாஷர் பிடிக்கவில்லை.

விரிசல் விஷயம். நம்ப வேண்டாம், சோதித்துவிடலாம். பிளேடால் அந்த இடத்தில் பெயின்டையும் பட்டியையும் (பெயின்டுக்கு அடியில் தேய்க்கும் புட்டி) சுரண்டுங்கள். கோடு அங்கேயே மறைந்தால் அவர் சொன்னது சரி. பூச்சிலும் தொடர்ந்தால் பூச்சு விரிசல். தூணும் சுவரும் சேரும் இடத்திலோ, பீமுக்கு அடியிலோ நேர்கோடாக ஓடினால், அந்தச் சேர்ப்பில் கோழிவலை அடிக்காமல் பூசியிருக்கலாம். கான்கிரீட்டும் செங்கல்லும் சூட்டுக்கு ஒரே அளவில் விரியாது. வெறும் பட்டி வைத்து அடைத்தால் அடுத்த வெயிலுக்கே திரும்ப வரும். V வடிவில் வெட்டி, வலை வைத்துப் பூச வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசலைத் தனியாகக் குறியுங்கள், லிண்டல் (ஜன்னலுக்கு மேலே வரும் குறுக்குச் சட்டம்) இரு பக்கமும் சுவரில் போதுமான அளவு உட்காராவிட்டால் அப்படி வரும். ஏடிஎம் கார்டு தடிமன் 0.76 மிமீ. கார்டு முனை நுழைகிற விரிசலை யாரும் மயிரிழை என்று சொல்ல முடியாது. தூணிலோ பீமிலோ ஸ்லாப் அடியிலோ விரிசல் இருந்தால் பட்ஜெட் பார்க்காதீர்கள், அந்த ஒன்றுக்கு மட்டுமாவது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

டைல்ஸை மரக்கட்டையால் தட்டுங்கள். அடியில் காலியாக இருந்தால் 'டொப்' என்று கேட்கும். நடுவில் லேசாகக் கேட்டால் விட்டுவிடலாம். மூலையில் அப்படிக் கேட்டால் விடாதீர்கள், கட்டில் கால், ஃப்ரிட்ஜ் உட்கார்ந்ததும் உடையும். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது, அதனால் பசை போடாமல் வெறும் சிமென்ட் பாலில் ஒட்டினால் பிடிப்பு குறைவுதான்.

ஃபேஸ்_நியூட்ரல்:

எலக்ட்ரிக்கலை யாரும் தொடவில்லை. கடையில் மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டர் கிடைக்கும், ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எர்த் இல்லாதது, ஃபேஸ் இடம் மாறியது எல்லாம் காட்டிவிடும். நியூட்ரலும் எர்த்தும் மாறிக் கிடந்தால் மட்டும் காட்டாது, ஏனென்றால் இரண்டும் கிட்டத்தட்ட பூஜ்ய வோல்ட்.

அதற்கு அயர்ன் பாக்ஸ் எடுத்துப் போங்கள், 1000 வாட் போதும். ஒவ்வொரு சாக்கெட்டிலும் சொருகி ஆன் செய்யுங்கள். மாறியிருந்தால் கரன்ட் எர்த் வழியாகத் திரும்பும், 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) உடனே ட்ரிப் ஆகும். ட்ரிப் ஆகாவிட்டாலும் ஒரு பத்து நிமிடம் ஓடவிட்டு சுவிட்ச் பிளேட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உள்ளே ஸ்க்ரூ லூஸ்.

ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டனை அமுக்கி, விழுகிறதா பாருங்கள். அது விழுந்தால் எர்த்தும் சரி என்று அர்த்தமில்லை, பட்டன் எர்த்தைச் சோதிப்பதே இல்லை. டிபி பாக்ஸில் (மெயின் சுவிட்சுகள் உள்ள பெட்டி) ஆர்சிசிபியே இல்லாமல் வெறும் எம்சிபி (ஓவர்லோடு, ஷார்ட்டுக்கு மட்டும் விழும் சுவிட்ச்) மட்டும் இருந்தால் அதுவே உங்கள் குறை லிஸ்டில் முதல் வரி. ஏசி, கீசர் பாயின்ட்டுக்கு 4 சதுர மிமீ வயரா என்று ஒரு பிளேட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வயர் மேலேயே அச்சடித்திருக்கும்.

ஓதம்_பார்ப்பவன்:

சாரல் அடிக்கும் பக்கம் திரும்பிய ஜன்னல்களையும் சேருங்கள். வடகிழக்குப் பருவமழை காற்றோடு வரும், வெறும் மழைக்கு ஒழுகாத ஜன்னல் அப்போது ஒழுகும். யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) சட்டத்தின் அடி ட்ராக்கில் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். வெளிப்பக்கத் துளை வழியே வடிய வேண்டும். பூச்சு வேலையின்போது சிமென்ட் விழுந்து அந்தத் துளை அடைந்து கிடப்பது சகஜம். ஜன்னல் கீழ்க்கல் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கணும்.

செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்தால் பூச்சின் மேடு பள்ளம் அப்படியே தெரியும். ஆனால் அதற்கெல்லாம் சண்டை போட்டுத் தெம்பைச் செலவழிக்காதீர்கள். உப்புப் பூத்த இடம், உப்பிய பெயின்ட், இவை முக்கியம்.

பத்திரம்_படிப்பவர்:

அந்தக் கடிதத்தில் அப்படியே கையெழுத்துப் போட வேண்டாம். "இணைப்பில் உள்ள குறைகள் சரிசெய்யப்படுவதற்கு உட்பட்டு" என்று கையால் எழுதி, ஸ்நாக் லிஸ்டை (குறைகளின் பட்டியல்) போட்டோக்களுடன் இணைத்து, அதையே மெயிலிலும் அனுப்புங்கள். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் 2016, பிரிவு 14(3) படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பு, வேலைத்தரம் சார்ந்த குறைகளைத் தெரிவித்தால் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஆனாலும் பிரச்னை வரும்போது பில்டர் முதலில் நீட்டுவது "திருப்தியடைந்தேன்" காகிதத்தைத்தான். வம்பு எதற்கு?

கார்ப்பெட் ஏரியாவையும் (வீட்டுக்குள் பயன்படுத்தக்கூடிய தரைப்பரப்பு) அளந்துவிடுங்கள். உள் தடுப்புச் சுவர்கள் சேரும், வெளிச்சுவர், ஷாஃப்ட் (பைப்கள் போகும் குழி), பால்கனி சேராது. ஒப்பந்தத்தில் எழுதிய அளவோடு ஒப்பிடுங்கள்.

மேடவாக்கம்_4வதுமாடி:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சிக்கல்: இப்போது வீட்டுக்கு வருவது கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக கரன்டாம். நிரந்தர மீட்டர் "இரண்டு வாரத்தில்" வருமாம்.

பத்திரம்_படிப்பவர்:

அப்படியானால் சனிக்கிழமை போய்ச் சோதனை மட்டும் செய்யுங்கள், சாவி வாங்காதீர்கள். இந்த உயரத்துக் கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு தர மாட்டார்கள். ஆகவே சிஎம்டிஏவின் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) நிறைவுச் சான்றிதழ் வந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்கணும். நகலை மெயிலில் கேளுங்கள். "சாவி வாங்காவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து மெயின்டனன்ஸ் ஓடும்" என்று மிரட்டினால், சான்றிதழ் தேதியைச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டை எடுத்துக்கொள்ள ரெரா தரும் 2 மாதம் அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும்.

ஃபேஸ்_நியூட்ரல்:

தற்காலிக லைனில் என் அயர்ன் பாக்ஸ் சோதனையைச் செய்யலாம், ஆனால் நிரந்தர மீட்டர் வந்ததும் இன்னொரு தடவை செய்யுங்கள். இணைப்பை மாற்றும்போது எர்த் லீட் விட்டுப்போக வாய்ப்பு உண்டு.