தொண்ணூறுகளின் கல்லூரிப் பேச்சு: விவரம் தேவை

நண்பர்களுக்கு வணக்கம். பள்ளி ஆண்டு விழாவுக்காக நான் எழுதிவரும் நாடகத்தில், தொண்ணூறுகளில் சென்னைக் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த தந்தை ஒருவர், தம் மகளின் தோழிகளிடம் ‘வேற லெவல்’ என்றெல்லாம் பேசிப் பார்த்து, ‘பூமர் அங்கிள்’ என்று பெயர் வாங்குகிறார். 1946 முதல் 1964 வரை பிறந்த அமெரிக்கத் தலைமுறைக்கு வைத்த பெயர், இங்கே முப்பத்தைந்து வயதுக்காரரையும் விட்டுவைப்பதில்லை.

அவருடைய விடுதிக் காட்சிகளில் ‘கடலை போடுவது’, ‘ஜொள்ளு விடுவது’, ‘பீட்டர் விடுவது’ ஆகியவற்றைச் சேர்த்துவிட்டேன். ‘மொக்கை’, ‘கலாய்ப்பது’ ஆகியவையும் அப்போதே புழங்கினவா, பிறகு வந்தவையா என்பதை அக்காலத்தில் படித்தவர்கள் ஊரையும் ஆண்டையும் குறிப்பிட்டுத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். மகளோடு நெருங்குவதற்காகவே அப்படிப் பேசுகிற அந்த மனிதரைக் கேலிப்பொருளாக்க எனக்கு மனமில்லை. ஆகவே அவர் வாயில் காலம் பொருந்தாத ஒரு சொல்லும் வரக் கூடாது. மதுரை, கோவைப் பக்கம் மட்டும் வழங்கிய சொற்களைத் தனியே குறிப்பிடுங்கள்.