செக்ரோபின் ஏ: வாரத்துக்கு ஒரு எம்ஐசி வருகிறது, எங்கே தப்பு?

கேள்வி:
ஈ. கோலை பாக்டீரியா மீது செக்ரோபின் ஏ என்ற பாக்டீரியா எதிர்ப்புப் பெப்டைடை (சிறு புரதம்) வைத்து எம்ஐசி, அதாவது வளர்ச்சியை நிறுத்தும் குறைந்தபட்சச் செறிவு, பார்க்கிறேன். முதல் வாரம் 2 மைக்ரோமோலாரிலேயே வளர்ச்சி நின்றது. அடுத்த வாரம் அதே குப்பி, அதே கல்ச்சர், ஆனால் 16-லும் குழி கலங்கலாக இருந்தது. மூன்றாம் முறை 8. பெப்டைடைத் தண்ணீரில் கரைத்து, வழக்கமான பாலிஸ்டைரீன் 96 குழித் தட்டிலேயே நீர்க்க வைக்கிறேன். பெப்டைடு கெட்டுப்போய்விட்டதா?

பதில் 1:
குப்பியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தட்டைச் சந்தேகப்படுங்கள். 37 அமினோ அமிலங்களில் நேர்மின்னூட்டம் கொண்ட லைசின் மட்டும் 7. இவ்வளவு நேர்மின்னூட்டம் உள்ள பெப்டைடு பாலிஸ்டைரீன் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். நீர்க்க நீர்க்க, கரைசலில் மிஞ்சுவது இன்னும் குறையும். இது தெரியாமல் நான் நான்கு மாதம் பாக்டீரியாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். தட்டு, ட்யூப் எல்லாவற்றையும் பாலிப்ரோப்பிலீனுக்கு மாற்றுங்கள். தண்ணீருக்குப் பதில் 0.01% அசிட்டிக் அமிலமும் 0.2% பிஎஸ்ஏவும் (மாட்டு இரத்த அல்புமின் புரதம்) கலந்த கரைசலில் நீர்க்க வையுங்கள். சுவரில் பெப்டைடுக்கு முந்தி பிஎஸ்ஏ இடம் பிடித்துக்கொள்ளும். ஒன்று கேட்க வேண்டும்: நீர்க்க வைத்தபின் கல்ச்சர் சேர்க்கும்வரை தட்டு எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது?

பதில் 2:
மேலே சொன்னதோடு, வாங்கிய பெப்டைடின் சி-முனை (சங்கிலியின் கடைசி முனை) அமைடு வடிவமா என்று பாருங்கள். செக்ரோபியா அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவில் இருப்பது அமைடு வடிவம்தான். அப்புறம், பொடியின் எடை முழுவதும் பெப்டைடு அல்ல. தயாரிப்பிலிருந்து ஒட்டி வரும் டிஎஃப்ஏ (ட்ரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம்) உப்பும் ஈரமும் சேர்ந்தே நிறுக்கப்படுகின்றன. நிகரப் பெப்டைடு அளவை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒப்பீட்டுக் கட்டுப்பாட்டுக்கு மெலிட்டின் (தேனீ விஷப் பெப்டைடு) வைத்தால் சிவப்பணு உடைகிறதா என்பதையும் ஒப்பிடலாம். அது இரத்த அணுவையும் விடாது.

கேட்டவர்:
நேரம் பற்றிய கேள்விதான் என்னை உலுக்கியது. முதல் வாரம் உடனே கல்ச்சர் சேர்த்தேன். இரண்டாம் வாரம் ஸ்பெக்ட்ரோவுக்காக (கல்ச்சரின் கலங்கலை அளக்கும் கருவி) முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். இன்று பழைய தட்டிலேயே இரண்டு வரிசை போட்டேன். உடனே சேர்த்தது 2. நாற்பது நிமிடம் விட்டது 16. பாலிப்ரோப்பிலீனில் காத்திருந்த வரிசையும் 2-லேயே நின்றது! அமைடு விஷயம் சரியாக இருக்கிறது, சான்றிதழில் பார்த்துவிட்டேன். பிஎஸ்ஏ சேர்த்து நாளை மறுபடி மூன்று தட்டு.