கோத்தகிரியில் முப்பத்திரண்டு லிட்டர் கடல்

கோத்தகிரியிலிருந்து:

கடல்நீர்த் தொட்டி பற்றி நான் தேடிப் படித்த குறிப்புகள் பெரும்பாலும் சென்னையிலும் தூத்துக்குடியிலும் இருப்பவர்கள் எழுதியவை. தண்ணீர் சூடேறிவிடும் என்பது அவற்றின் முதல் எச்சரிக்கை. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்குவது முதல் பெருஞ்செலவு. கோத்தகிரியில் அந்தச் செலவு மிச்சம் என்ற மகிழ்ச்சியில்தான் நான் தொட்டியை வாங்கினேன். பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. மலையில் இதைத் தொடங்க நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன். இதில் ஒரு சாவுக்கு மட்டும் காரணம் எனக்கு இன்னும் உறுதியாகப் புலப்படவில்லை; அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் கேட்டுக்கொள்வேன்.

தொட்டி ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்டது. கணக்குப்படி நாற்பது லிட்டர் பிடிக்க வேண்டும். மணல், கல், மேலே விடும் இடைவெளி ஆகியவற்றைக் கழித்தால் உண்மையில் நிற்கும் தண்ணீர் முப்பத்திரண்டு லிட்டர்தான். சிறிய தொட்டிக்குச் சிறிய வேலை என்று கடைக்காரர் சொன்னார். வேலை சிறியதுதான், ஆனால் அதை ஒரு நாளும் விட முடியாது. சூடாக்கிய தண்ணீர் குளிர்ந்த அறையில் நிற்பதால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆவியாகிறது. உப்பு ஆவியாகாமல் தங்கிவிடுவதால், குறைந்த அளவை உப்புநீரால் அல்லாமல் நல்ல தண்ணீரால்தான் ஈடுகட்ட வேண்டும். உறவினர் திருமணத்துக்காக மூன்று நாள் கோயம்புத்தூர் சென்று திரும்பியபோது, ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு 38-ஐத் தாண்டியிருந்தது. இருநூறு லிட்டர் தொட்டியில் இதே மூன்று லிட்டர் குறைந்திருந்தால் ஏறத்தாழ அரைப் பங்கு வித்தியாசம்தான் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு தொட்டிக்கு மேல் கண்ணாடி மூடி போட்டேன். மிதவை வைத்துத் தானாக நீர் நிரப்பும் சிறு பம்பு ஒன்றையும் வாங்கினேன். ஹீட்டருக்கு முன்பாகவே அதை வாங்கியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

பவளம் என்றவுடன் படங்களில் காணும் கிளைத்த கல்பவளங்களே பலருக்கும் நினைவுக்கு வரும். அவற்றை நான் வைக்கவில்லை, நீங்களும் தேடாதீர்கள். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் புலியோடும் யானையோடும் முதல் அட்டவணையில் உள்ளன; கடற்குதிரையும் அப்படியே. பாறை என்று விற்கப்படும் செத்த பவளத்துண்டும் இந்தத் தடைக்குள் வருவதே என்பதால் ‘லைவ் ராக்’ என்ற சொல்லைக் கேட்டாலே நான் விலகிவிடுவேன். நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்ட அதே 1986-இல்தான் மன்னார் வளைகுடாவின் தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாயின. இங்கே சோலை மரத்தை வெட்டுவதைப் பார்த்து வருந்துபவர்கள் அங்கே பாறை பெயர்ப்பதை விலைகொடுத்து வளர்க்கக் கூடாது. ஆகவே என் தொட்டியில் கல், பவளம் என்று இருப்பவை சிமெண்டும் சிப்பித்தூளும் கலந்து செய்து, காரம் இறங்கும் வரை மாதக்கணக்கில் நீரில் ஊறப்போட்ட செயற்கைக் கற்களும், வேறொருவர் தொட்டியில் பெருகியதிலிருந்து பிரித்துக் கொடுத்த, பாறை கட்டாத சில காளான் பவளங்களும், பொத்தான் அளவில் கொத்தாக வளரும் ஜோவாந்தஸும் மட்டுமே.

இனிக் குளிர். கடையில் தந்தது 50 வாட் ஹீட்டர். நாற்பது லிட்டருக்குத் தாராளம் என்றார்கள், சமவெளியில் அது உண்மையே. மார்கழி இரவில் எங்கள் முன்னறை 12 டிகிரிக்கு இறங்கும். அந்த ஹீட்டர் இரவு முழுவதும் அணையாமல் எரிந்தும் விடியற்காலையில் தண்ணீர் 22 டிகிரிதான் இருந்தது. பகலில் வெயில் வந்ததும் 26 ஆனது. ஒரே நாளில் நான்கு டிகிரி ஏறி இறங்குவது, நிலையாக 23-இல் இருப்பதைவிடக் கெடுதல் என்பதைக் காளான் பவளங்கள் பத்து நாள் சுருங்கிக் கிடந்து எனக்குக் கற்பித்தன. எத்தனை லிட்டர் என்பதை வைத்து ஹீட்டர் வாங்குவதை விட்டுவிட்டு, அறையின் மிகக் குளிர்ந்த நேரத்துக்கும் வேண்டிய வெப்பத்துக்கும் இடையே எத்தனை டிகிரி என்பதை வைத்து வாங்குங்கள். இப்போது 75 வாட் ஹீட்டர்கள் இரண்டு உள்ளன. ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும், ஒன்று அணையாமல் ஒட்டிக்கொண்டாலும் அதனால் மட்டும் தொட்டி வெந்துபோகாது. பின்புறமும் இரு பக்கங்களிலும் தெர்மோகோல் பலகை ஒட்டியிருக்கிறேன். மீனுக்குக் கம்பளி போர்த்துகிறான் என்று அம்மா பக்கத்து வீட்டாரிடம் சொல்லிச் சிரித்தது வேறு விஷயம்.

சைக்ளிங் எனப்படும், கழிவின் நஞ்சை மாற்றும் நுண்ணுயிர் நிலைப்படும் காலத்தைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓர் இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டேன். அம்மோனியா ஏறி, நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாகி முடிய எட்டு வாரங்கள் ஆயின. நான்கிலிருந்து ஆறு வாரங்கள் என்று படித்திருந்தேன். அந்தக் கணக்கு வெதுவெதுப்பான தண்ணீருக்குரியது, என் தொட்டியோ அப்போது ஐம்பது வாட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது.

உயிர்கள் வந்த வழியில் ஒரு சிறு வியப்பு. மேட்டுப்பாளையத்தில் சற்றுத் தளர்வாகவே இருந்த பிளாஸ்டிக் பைகள் மலையேற ஏற உருண்டு திரண்டு, கோத்தகிரியில் இறங்கியபோது பந்துபோல் விறைத்திருந்தன. ஒன்று முடிச்சருகில் கசிந்தும்விட்டது. பேருந்தில் சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்துப் பழகிய எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். பைகளில் காற்றைக் குறைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

இனி அந்தச் சாவு. எங்கள் வீட்டுக்கு வருவது ஊற்றுத் தண்ணீர். நீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் டிடிஎஸ் மானியில் 40-ஐத் தாண்டாது. இவ்வளவு தூய நீருக்கு ஆர்ஓ வடிகட்டி எதற்கு என்று எண்ணி, அதிலேயே கடல்நீர் தயாரிக்கும் உப்புக் கலவையான சால்ட் மிக்ஸைக் கரைத்துவந்தேன். ஆடி மாதத்தில் ஒரு நாள், எட்டு லிட்டர் மாற்றிய மறு காலையில், மூன்று நத்தைகள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. துப்புரவு இறால் பக்கவாட்டில் சாய்ந்து துடித்து மதியத்துக்குள் இறந்தது. பண்ணையில் பிறந்த கோமாளி மீனோ எதுவுமே நடக்காததுபோல் இரை கேட்டு மேலே வந்தது. அம்மோனியா இல்லை, உப்பும் வெப்பமும் சரியாகவே இருந்தன. முதுகெலும்பற்றவை மட்டும் சாவது செப்பின் அடையாளம் என்று படித்தேன். மழைக்காலத்தில் தேயிலையின் கொப்புள நோய்க்குத் தாமிர மருந்து தெளிப்பது இங்கே வழக்கம். எங்கள் ஊற்றுக்கு மேலேயும் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அதிலிருந்து இறங்கியதுதான் என்று நான் கருதுகிறேன். மற்றவர்கள் இப்படிக் கண்டதுண்டா?

கொடைக்கானலிலிருந்து:

பதிவுக்கு நன்றி. செப்பைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லை. குளிரைப் பற்றி உண்டு. நான் 60 லிட்டர் தொட்டி வைத்திருக்கிறேன். காற்றும் மழையும் வலுக்கும் நாள்களில் மரம் விழுந்து மின்சாரம் போனால் ஐந்தாறு மணி நேரம் வராது. ஒருமுறை இரவு பதினொரு மணிக்குப் போன மின்சாரம் காலையில்தான் வந்தது. 26-இல் இருந்த தொட்டி 19-க்கு இறங்கியிருந்தது. இன்வெர்ட்டரில் ஹீட்டரை ஓட்டிப் பார்த்தேன், பேட்டரி இரண்டு மணி நேரத்தில் படுத்துவிட்டது. இப்போது அதில் அலை உண்டாக்கும் சிறு பம்பை மட்டும் இணைத்துவிட்டு, வெப்பத்துக்கு வெந்நீரை நம்புகிறேன். விறகடுப்பில் காய்ச்சிய தண்ணீரை இரண்டு லிட்டர் எவர்சில்வர் கூஜாவில் ஊற்றித் திருகி மூடி, தொட்டியில் கழுத்தளவு இறக்கிக் கட்டிவிடுவேன். ஒரு கூஜா ஆறி முடிவதற்குள் எனக்கு ஏறத்தாழ இரண்டு டிகிரி மீட்டுத் தரும். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.

பம்பை நிறுத்தக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொடைக்கானல் கடல்மட்டத்துக்கு 2,100 மீட்டர் மேலே இருப்பதால் காற்றழுத்தம் குறைவு. அதனால் ஒரே வெப்பத்தில் இங்கே தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் கடற்கரையில் கரைவதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. குளிர்ந்த நீர் ஆக்சிஜனை அதிகம் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் நாம் அதை 26-க்குச் சூடாக்கி அந்த நன்மையை நாமே போக்கிவிடுகிறோம். எனவே நீரின் மேற்பரப்பு எப்போதும் கலங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மேலும், குளிருக்காகச் சன்னல்களையெல்லாம் சாத்திக்கொண்டு கரியடுப்பு மூட்டும் வீடுகளில் கரியமில வாயு தேங்கி, தொட்டியின் பிஹெச் எனப்படும் அமில-கார அளவு 8.2-இலிருந்து 7.8-க்கு இறங்குவதைக் கண்டிருக்கிறேன். அதற்கு மருந்து எதையும் ஊற்ற வேண்டாம். காலையில் அரை மணி நேரம் சன்னலைத் திறந்தால் மதியத்துக்குள் ஏறிவிடும். மனிதர்களுக்கும் அதுதான் நல்லது.

உதகையிலிருந்து:

ஜோவாந்தஸ் பற்றி ஒரு சொல். அவற்றில் சில வகைகளிலும் அவற்றின் உறவான பாலித்தோவாவிலும் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அவற்றை வெட்டாதீர்கள். முக்கியமாக, வேண்டாத பாசி பிடித்துவிட்டது என்று அந்தக் கல்லைக் கொதிநீரில் போட்டு வேகவைக்கவே கூடாது. ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. நம் ஊரில் குளிர்காலத்தில் சன்னலும் திறந்திருக்காது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். கொடைக்கானல் நண்பர் சொன்ன வெந்நீர்க் கூஜா எனக்குப் புதிது. இந்தத் தையில் செய்து பார்க்கிறேன்.

குன்னூரிலிருந்து:

தேயிலைத் தோட்டத்தின் மீது பழி போடுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். ஆடிக் குளிரில் எட்டு லிட்டர் உப்புநீரைக் கலக்கினீர்களே, அந்தத் தண்ணீரை எந்தக் குழாயில் பிடித்தீர்கள்? நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஊற்றுநீர் மென்மையானது, சற்றே புளிப்புத்தன்மையும் கொண்டது. கடினநீரைப் போல் குழாயின் உட்புறத்தில் சுண்ணப் படலம் கட்டாது. அப்படிப்பட்ட நீர் செப்புத் தொட்டியிலோ செப்புக் குழாயிலோ இரவு முழுவதும் சூடாக நின்றால் செப்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும். எங்கள் பழைய வீட்டில் வாளியிலும் வெள்ளைப் பீங்கானிலும் பச்சைக் கறை விழும். அதைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். டிடிஎஸ் மானி இதைக் காட்டாது. நத்தையைக் கொல்லப் போதுமான செப்பு அந்த மானியில் ஓர் எண்ணைக்கூட நகர்த்தாது.

கோத்தகிரியிலிருந்து, பன்னிரண்டு நாள்களுக்குப் பிறகு:

குன்னூர் நண்பரின் கேள்வியைப் படித்தவுடன் எனக்கு வியர்த்தது. குளிர்ந்த நீரில் உப்பு கரைய நேரமாகிறது என்பதற்காகவும், குளிர்நீரை அப்படியே ஊற்றினால் தொட்டி அதிரும் என்பதற்காகவும், பாதி வாளியைக் குளியலறை கீசரிலிருந்துதான் பிடித்துவந்தேன். மாசியில் குடிவந்த இந்த வீட்டில் கீசர் வீட்டுக்காரர் பொருத்தியது. பழையது, உள்தொட்டி செப்பு. தவணை கட்டுவதுபோல் வாரந்தோறும் அந்தத் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். சாவு நடந்த நாளுக்கு முன் நாங்கள் இரண்டு நாள் ஊரில் இல்லை; கீசரில் தண்ணீர் அசையாமல் நின்றிருந்தது.

செப்புச் சோதனைப் பெட்டி தபாலில் வர ஒன்பது நாள் ஆனது. நான்கு குப்பிகளில் சோதித்தேன். ஊற்றுநீரில் நிறமே தோன்றவில்லை. மழை பெய்த மறுநாள் பிடித்ததிலும் தோன்றவில்லை. இரவு நின்ற கீசர் தண்ணீரில் அட்டையின் கடைசிக் கட்டம்வரை நிறம் ஏறியது. தொட்டி நீரில் இலேசாக, ஆனால் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. தோட்டக்காரர்களைப் பற்றி மேலே எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

சிறிய ஆர்ஓ வடிகட்டியும் அதன் பின்னே, எஞ்சிய உப்புகளையும் உலோகங்களையும் நீக்கும் டிஐ குப்பியும் பொருத்திவிட்டேன். குளிர்நீர் வேகமாக வடியாது என்பதால் ஒரு வாளி நிரம்ப ஒரு பகல் ஆகிறது. உப்பைக் கலக்கும் வாளிக்குள் பழைய 50 வாட் ஹீட்டரைப் போட்டுவிட்டேன், அதற்கும் ஒரு வேலை கிடைத்தது. சுண்ணக் கற்கள் செப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வெளியே விடும் என்பதால், செப்பை உறிஞ்சும் வடிகட்டிப் பஞ்சைப் போட்டு, வாரம் இருமுறை நீர் மாற்றி, ஞாயிறுதோறும் சோதிக்கிறேன். தொடர்ந்து நான்கு ஞாயிறு நிறம் தோன்றாவிட்டால் ஒரே ஒரு நத்தையை மட்டும் விட்டுப் பார்ப்பதாக இருக்கிறேன். இறால் இப்போது இல்லை. அதுவரை கோமாளி மீன் தனியாகத்தான் இருக்கும். காளான்கள் நேற்று மாலை முழுதாக விரிந்திருந்தன.