உயிர்த்தெழுதலின் பண்டிகையை வசந்தத்தோடு இணைப்பதற்கு வேதத்தில் வேர் உண்டா?

கேள்வி: மெல்பர்ன் வாசகி

அனைவருக்கும் தோத்திரம். நான் கற்பிக்கும் ஓய்வுநாள் பள்ளியில், உயிர்த்தெழுதலை விளக்கும் பாட அட்டைகளில் எல்லாம் துளிர்விடும் கிளைகளும் பூத்துக் கிடக்கும் வயல்களுமே வரையப்பட்டுள்ளன. வெளியே பார்த்தால் இங்கே இலையுதிர் காலம். ஊரிலோ பங்குனி, சித்திரை வெயில். வசந்தத்தை ஆவிக்குரிய புதுப்பித்தலின் காலமாகப் பேசும் வழக்கம், ஐரோப்பியர் தங்கள் தட்பவெப்பத்தை நம் விசுவாசத்தின்மேல் ஏற்றியதால் வந்ததா, அல்லது அதற்கு வேதாகமத்திலேயே ஆதாரம் உண்டா?

மறுமொழி: நாசரேத் வாசகர்

சகோதரி, அது எருசலேமிலிருந்தே வருகிறது. இயேசு மரித்து உயிர்த்தெழுந்தது யூதரின் விடுதலைப் பண்டிகையான பஸ்காவை ஒட்டியே. உபாகமம் 16:1 அந்தப் பஸ்காவை ஆபிப் மாதத்தில் ஆசரிக்கச் சொல்கிறது. அது வாற்கோதுமை கதிர் முற்றும் மாதம். பன்னிரண்டு நிலா மாதங்களுக்கு ஏறத்தாழ 354 நாட்களே ஆகின்றன என்பதால், அப்படியே விட்டால் பண்டிகை ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்து குளிர்காலத்துக்குள் போய்விடும். அதைத் தடுக்கவே யூதர்கள் சில ஆண்டுகளில் பதின்மூன்றாவது மாதம் ஒன்றைச் சேர்த்தார்கள். லேவியராகமம் 23-ன்படி, அந்த நாட்களில், ஓய்வுநாளுக்கு மறுநாள், அறுப்பின் முதற்கதிர்க்கட்டை ஆசாரியன் கர்த்தருடைய சந்நிதியில் அசைவாட்டுவான். 1 கொரிந்தியர் 15:20-ல் பவுல் கிறிஸ்துவை முதற்பலன் என்று அழைப்பதற்கு அந்தக் கதிர்க்கட்டே பின்னணி என்பது பலரும் ஏற்கும் விளக்கம். முதல் கட்டு வந்துவிட்டது என்றால் மீதி வயலின் அறுப்பும் பின்னாலேயே வரும். அட்டை வரைந்தவர் பூவுக்குப் பதில் கதிரை வரைந்திருக்கலாம்.

மறுமொழி: தஞ்சைக் கத்தோலிக்கன்

திருச்சபைத் தந்தையரும் இதைப் பேசியிருக்கிறார்கள். எருசலேம் ஆயரான புனித சிரில், பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) இரவில் திருமுழுக்குப் பெறவிருந்தோருக்கு 350-ஆம் ஆண்டையொட்டி ஆற்றிய மறைக்கல்வி உரைகளில் பதினான்காவதைப் படித்துப் பாருங்கள். ஆண்டவரின் கல்லறை இருந்த இடம் முன்பு தோட்டமாயிருந்ததன் அடையாளங்கள் இன்னும் எஞ்சியிருப்பதை அவர் சுட்டிக்காட்டுகிறார். நிலமெங்கும் பூத்திருக்கவில்லையா, திராட்சைக் கொடிகளைக் கவாத்து செய்துகொண்டிருக்கவில்லையா என்று கேட்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்குக் கண்ணால் கண்ட காட்சி அது. உலகம் படைக்கப்பட்டதும் மனிதன் கீழ்ப்படியாமையால் வீழ்ந்ததும் இதே பருவத்தில்தான், ஆகவே மீட்பும் இதே பருவத்தில் நிகழ்ந்தது என்பது அவருடைய வாதம்.

மறுமொழி: யாழ்ப்பாண வாசகர்

சிரிலின் வாதத்தை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. படைப்பு நிகழ்ந்தது வசந்தத்து நிசான் மாதத்திலா, இலையுதிர் காலத்துத் திஷ்ரி மாதத்திலா என்று யூத ரபிகளே தங்கள் மறைநூல் விவாதத் தொகுப்பான தல்மூதில் இரு பக்கமாக நின்று வாதாடியிருக்கிறார்கள். தவிரவும், மார்ச் 21-இலோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்று மேற்குத் திருச்சபை உயிர்ப்புப் பெருவிழாவுக்கு நாள் குறித்தபோது, பூமியின் தென்பாதியை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அப்பெருவிழாவின் இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பின் மையச் சடங்குகளுக்கோ எந்தப் பருவமும் தேவைப்படுவதில்லை: இருளில் புது நெருப்பு மூட்டி, அதிலிருந்து பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றி, தொடக்கநூலின் படைப்பு வரலாற்றை வாசித்து, தண்ணீரை ஆசீர்வதித்து, திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம். மெல்பர்னில் இரவுகள் நீண்டுகொண்டு வரும் வேளையில் அந்தத் திரி ஏற்றப்படுவது, சொல்லப்போனால், எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

மறுமொழி: மெல்பர்ன் வாசகி

மூவருக்கும் நன்றி. கதிர்க்கட்டு விளக்கத்தையே வகுப்பில் எடுக்கப்போகிறேன். ஆனால் இங்கே விக்டோரியாவில் வாற்கோதுமையை அறுப்பது நவம்பர், டிசம்பர் வாக்கில். ஏப்ரலும் மேயும் விதைப்புக் காலம். எனவே நிலத்தில் விழுந்து சாகும் கோதுமை மணியைப் பற்றிய யோவான் 12:24-ஐ முதலில் வாசித்துவிட்டு, அதன்பின் லேவியராகமத்துக்குப் போகலாம் என்று எண்ணுகிறேன். இந்த வரிசையில் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் ஞாயிறுக்கு முன் எழுதுங்கள்.