தண்ணீர் சேமித்து வைப்பது அவிசுவாசமா?

வாசற்காவலன்:
சபைக் கமிட்டியில் ஒரு யோசனை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். உபவாச ஜெபம் முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வெள்ளமோ நிலநடுக்கமோ தீயோ வந்தால் என்ன செய்வது என்று பேசலாம், வீட்டுக்கு வீடு மூன்று நாள் தண்ணீரும் மருந்தும் எடுத்துவைக்கப் பழக்கலாம் என்றேன். மூப்பர் ஒருவர், "கர்த்தர் காக்காவிட்டால் உன் கேனா காக்கும்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

காலைமன்னா:
நான் மூப்பர் பக்கம். "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்று ஆண்டவர் சொன்னபோது, தண்ணீர் கேனுக்கு மட்டும் விலக்கு என்று சொல்லவில்லை. வனாந்தரத்தில் வானத்திலிருந்து கிடைத்த அப்பமாகிய மன்னாவை மறுநாளைக்கென்று மிச்சம் வைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? புழுவும் நாற்றமும். ஆண்டவர் சொன்ன உவமையில், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவனுக்குக் கிடைத்த பெயர் மதிகேடன். ஆயத்தம் என்று நல்லபடியாகத்தான் ஆரம்பிப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கட்டிலுக்கடியில் முழுவதும் டின்கள், கதவுக்கு மூன்று தாழ்ப்பாள், வாயைத் திறந்தால் கடைசிக்காலம். முழங்கால்படியிட இடமில்லை. தேவன் காப்பார் என்று சொல்லும் சங்கீதம் 91 எனக்குப் போதும்.

ஏழாம்வருஷம்:
பிரதர், மன்னாவைப் பற்றிய யாத்திராகமம் 16ஐப் பாதியில் மூடிவிட்டீர்களே! ஓய்வுநாளுக்கு முந்தின ஆறாம் நாளில் ஆளுக்கு இரண்டு ஓமர், அதாவது வழக்கமான அளவில் இரண்டு மடங்கு, சேர்த்தார்கள். மறுநாள் அது நாறவும் இல்லை, புழுக்கவும் இல்லை. சேர்த்து வைக்கவும் ஒரு நாள் உண்டு என்றுதானே அர்த்தம்? சங்கீதம் 91ஐ நீங்கள் மட்டும் சொல்லவில்லை, தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொல்லி இயேசுவைச் சோதித்த பிசாசும் அதையே சொன்னான். தேவனைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று பதில் வந்தது. எகிப்தில் பஞ்சம் வருமுன் யோசேப்பு ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தார். அவரை அவிசுவாசி என்பீர்களா?

கணக்கும் சொல்கிறேன். குடிக்க, சமைக்க, கை கழுவ ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர். நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். ஒரு மூலை போதும், முழங்கால்படியிட இடம் மிஞ்சும்.

காலைமன்னா:
யோசேப்பை இழுத்தது நீங்கள்தான், அதனால் ஆதியாகமம் 47 வரை போகலாம். அந்தக் களஞ்சியத்திடம் ஜனங்கள் முதலில் பணத்தைக் கொடுத்தார்கள், பிறகு ஆடுமாடுகளை, பிறகு நிலத்தை, கடைசியில் தங்களையே. பஞ்சத்தில் தானியம் வைத்திருந்தவன் கையில் அத்தனை பேரும் அடிமை. இப்போது அப்போஸ்தலர் 11. பஞ்சம் வரும் என்று அகபு என்ற தீர்க்கதரிசி சொன்னதும் அந்தியோகியாவின் சீஷர்கள் களஞ்சியம் கட்டவில்லை, யூதேயாவிலிருந்த சகோதரருக்குப் பணம் அனுப்பினார்கள்.

நேராகவே கேட்கிறேன். இரண்டாம் நாள் இரவு பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினால், உங்கள் 48 லிட்டரை எத்தனை பேரால் வகுப்பீர்கள்?

ஏழாம்வருஷம்:
மத்தேயு 25இன் உவமையில், விளக்குக்கு எண்ணெய் எடுத்துவைத்த புத்தியுள்ள கன்னிகைகள் அதை எண்ணெயில்லாத மற்றவர்களுக்குப் பங்கு போடவில்லை என்பதை நினைவூட்டுகிறேன். சொந்த வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுலும் சொல்லியிருக்கிறார்.

எக்காளம்:
தண்ணீரை அளந்துகொண்டே இருங்கள். பேரிடர் தேவ கோபம். மனந்திரும்புங்கள், வேறு ஆயத்தம் தேவையில்லை.

வாசற்காவலன்:
எக்காளம் ஐயா, சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று ஆண்டவரே கேட்டு, இல்லை என்றும் சொன்னார். மனந்திரும்பச் சொன்னது கேட்டுக்கொண்டிருந்தவர்களை. லிஸ்பன் நிலநடுக்கம் 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள் காலையில் வந்தது. ஜனங்கள் ஆராதனையில் இருந்தார்கள், பலிபீடங்களில் ஏற்றியிருந்த மெழுகுவர்த்திகளும் தீ பரவக் காரணமாயின. எந்தப் பாவத்துக்கு அது?

இரவுப்பணி:
நான் செவிலியர். உங்கள் வசனச் சண்டைக்குள் வர வேண்டாம் என்றிருந்தேன், கன்னிகைகளின் எண்ணெயைக் குடிதண்ணீராக்கியதும் பொறுக்கவில்லை. அது மணவாளன் வருகையைப் பற்றிய உவமை, ஏழாம்வருஷம் தம்பி. தாகத்தைப் பற்றிப் பேசும்போது மத்தேயு அதே 25ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதிக்கு, தாகமாயிருந்தவருக்குக் குடிக்கக் கொடுத்தவர்களைப் பற்றிய இடத்துக்கு, போயிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலும் ஆயத்தப் பை இருந்தது. டார்ச், பத்திரங்கள், பிஸ்கட், உடுப்பு எல்லாம் பட்டியல் போட்டு அடுக்கியது. வைத்திருந்த இடம் மாடிப்படிக்கு அடியில். இரவில் வெள்ளம் முதலில் நுழைந்ததும் அங்கேதான். பையைப் பறிகொடுத்து மாடியில் உட்கார்ந்திருந்தோம், நாங்கள் மூன்று பேர், பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர்.

பாட்டிக்கு இதய நோய். மருந்துச் சீட்டு இடுப்பில் செருகியிருந்தது, எடுத்தபோது வெறும் நீலக் கறை. "காலையில் வெள்ளை, ராத்திரி பாதி மஞ்சள்" என்று மட்டும் அவருக்குத் தெரியும். அவர் கையைப் பிடித்து விடியும்வரை ஜெபித்தேன், ஜெபத்தில் மாத்திரையின் பெயர் வரவில்லை. போனில் இருந்த வேதாகமம் பேட்டரியோடு போய்விட்டது. மனப்பாடமாக இருந்தது சங்கீதம் 46 மட்டும். "ஒரு நதியுண்டு" என்ற இடத்துக்கு வந்ததும், கீழே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மேலே சொல்ல முடியாமல் நின்றேன். பாட்டிதான் அடுத்த அடியை எடுத்துக்கொடுத்தார், கொடுத்துவிட்டுச் சிரித்தார். மூன்றாம் நாள் படகு வந்தது. பாட்டி பிழைத்துக்கொண்டார்.

இப்போது பை மாடியில் இருக்கிறது. மருந்துப் பெயர், அளவு, இரத்தப் பிரிவு எல்லாம் எழுதி பிளாஸ்டிக் உறையில் ஒன்று பைக்குள், ஒன்று வேறு ஊரிலிருக்கும் உறவினரிடம். வெள்ளத்துக்குப் பிறகு நான் அதிகம் பார்த்தது வயிற்றுப்போக்கு. சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு மட்டும் கூடவே கூடாது. தண்ணீர் கலங்கலாக இருந்தால் துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க விடுங்கள். பிள்ளைகளுக்கு இதையும் சங்கீதத்தையும் ஒரே மூச்சில் கற்றுக்கொடுக்கிறேன்.

காலைமன்னா:
அக்கா, உங்கள் பாட்டிக்காக ஸ்தோத்திரம். ஆனாலும் என் பயம் போகவில்லை. கையில் சரக்கு இருக்கும்போது கர்த்தரைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர்?

இரவுப்பணி:
கையில் ஒன்றும் இல்லாதபோதும் எல்லாரும் தேடுவதில்லை, தம்பி. அங்கே மாடிக்கு மாடி திட்டுச் சத்தமும் கேட்டது.

வாசற்காவலன்:
அப்போஸ்தலர் 27ஐ மறந்துவிட்டோம். கைதியாகப் பவுல் ரோமுக்குப் போன கப்பல் புயலில் சிக்கியது, அதில் 276 பேர். ஒருவரும் சாகமாட்டார்கள் என்று தேவதூதன் வாக்குக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகும் கப்பலாட்கள் படகில் நழுவப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமுடியாது என்று பவுல் நூற்றுக்கு அதிபதியிடம், அதாவது ரோமப் படை அதிகாரியிடம், சொல்கிறார். பதினாலு நாள் பட்டினி கிடந்தவர்களைச் சாப்பிடவும் சொல்கிறார். வாக்குத்தத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பம் பிட்டவரை அவிசுவாசி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1527இல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் பரவியபோது சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதியதும் ஏறக்குறைய இதுதான். தேவனிடம் மன்றாடுவேன், வீட்டுக்குப் புகைபோடுவேன், மருந்து சாப்பிடுவேன், வேலையில்லாத இடத்துக்குப் போகமாட்டேன், அயலானுக்கு நான் தேவையென்றால் தயங்காமல் போவேன் என்றார். ஊரைவிட்டுப் போகாமல் தங்கவும் செய்தார்.

ஏழாம்வருஷம்:
கன்னிகைகள் விஷயத்தில் தோற்றேன், ஒத்துக்கொள்கிறேன். 48 லிட்டரை 60 ஆக்குகிறேன், கதவைத் தட்டுகிறவருக்கும் சேர்த்து. அதற்கு மேல் வீட்டில் இடமில்லை.

காலைமன்னா:
60 பரவாயில்லை. 600 ஆகும்போது சொல்லுங்கள், மறுபடி சண்டைக்கு வருகிறேன். வாசற்காவலன் பிரதர், கமிட்டியில் கேனைப் பற்றிப் பேசாதீர்கள், ஆட்களைப் பற்றிப் பேசுங்கள். தனியாக இருக்கிற முதியவர் யார், நடக்க முடியாதவர் யார், யார் கதவை யார் தட்டுவது? இன்னொன்று, தண்ணீர் வந்தால் சபைக் கட்டடத்தில் ஏறிக்கொள்ளலாம் என்றுதானே எல்லாரும் நினைப்பார்கள். அதன் சாவி யாரிடம் இருக்கிறது?

வாசற்காவலன்:
விசாரித்தேன். ஒரே சாவி. அன்று கேள்வி கேட்ட மூப்பரிடம் இருக்கிறது. அவர் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம்.