இரண்டு கிராபிக்ஸ் கார்டு, இரண்டு எஸ்.எஸ்.டி: எந்த ஸ்லாட்டில் எதை மாட்டினீர்கள்?

இந்தக் கேள்விக்கு வந்த பதில்கள், எழுதியவர்களின் ஊர்ப் பெயரில்.

கொழிஞ்சாம்பாறை

எங்கள் ஊர், வேலந்தாவளம் பக்கத்துக் கல்யாண ஸ்டூடியோக்களுக்கு எடிட்டிங் சிஸ்டம் அசெம்பிள் செய்து கொடுக்கிறேன். பாகங்கள் எல்லாம் கோவை காந்திபுரத்தில் எடுப்பதுதான்.

முகூர்த்த சீசன் நடுவில் ஒரு ஸ்டூடியோக்காரர் போன் போட்டார். "அண்ணா, ஹார்ட் டிஸ்க் ரெண்டும் செத்துப்போச்சுங்க. கல்யாண வீடியோ எல்லாம் அதுலதான் இருக்கு." பி550 மதர்போர்டு, 5900எக்ஸ் ரைசன் பிராசசர், இரண்டு 3060 கிராபிக்ஸ் கார்டு உள்ள சிஸ்டம். இடம் போதவில்லை என்று முந்தின நாள்தான் வேறு யாரிடமோ கொடுத்து இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் (போர்டிலேயே எஸ்.எஸ்.டி மாட்டும் சின்ன ஸ்லாட்) ஒரு என்விஎம்இ எஸ்.எஸ்.டி மாட்டியிருந்தார்.

போய்ப் பார்த்தேன். டிஸ்க் மேல் கை வைத்தால் சுழல்வது தெரிகிறது, பயாஸில் மட்டும் பெயர் இல்லை. அட்டைப் பெட்டியைத் தேடி மேனுவலை எடுத்தோம். எம்.2 பக்கத்தின் அடியில், எறும்பு சைஸ் எழுத்தில், நட்சத்திரக் குறி போட்டு ஒரு வரி: இந்த ஸ்லாட்டில் எஸ்.எஸ்.டி போட்டால் சாட்டா 5, 6 (டிஸ்க் கேபிள் சொருகும் போர்ட்கள்) வேலை செய்யாது. டிஸ்க் கேபிள்கள் இரண்டும் சரியாக 5, 6-ல்தான் இருந்தன. பிடுங்கி 1, 2-ல் சொருகினேன். அத்தனை வீடியோவும் அப்படியே வந்தது. அவருக்கு அப்புறம்தான் மூச்சே வந்தது.

எல்லா போர்டிலும் இப்படி இல்லை. சிலதில் சாட்டா போகும், சிலதில் கீழ் ஸ்லாட்டே அணைந்துவிடும். காரணம் ஒன்றுதான்: லேன் கணக்கு. லேன் என்பது பிராசசருக்கும் பாகங்களுக்கும் நடுவே தகவல் ஓடும் பாதை. 5000 வரிசை ரைசனில் மொத்தம் 24 லேன். கார்டுக்கு 16, முதல் எம்.2-க்கு 4, மிச்சம் 4 சிப்செட்டுக்கு (மற்ற பாகங்களைப் பிராசசரோடு இணைக்கும் போர்டுச் சிப்). கீழே உள்ள நீள ஸ்லாட், இரண்டாவது எம்.2, சாட்டா, யுஎஸ்பியில் ஒரு பகுதி, நெட்வொர்க் எல்லாம் அந்த 4 லேன் வழியாகத்தான் பிராசசருக்குப் போகவேண்டும். வாளையார் செக்போஸ்ட்டில் எத்தனை லாரி வந்து நின்றாலும் வழி ஒன்றுதானே, அதே கதை. பி550-ல் அந்த வழி பிசிஐஇ என்ற இணைப்புத் தரத்தின் மூன்றாம் தலைமுறை, நொடிக்குச் சுமார் 4 ஜிபி.

ஸ்லாட் நீளத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம். பெரும்பாலான பி550-ல் கீழ் ஸ்லாட் பார்க்க 16 மாதிரி இருக்கும், உள்ளே பின் 4 லேனுக்குத்தான். நான் இப்போது ஓடும் ப்ராஜெக்ட், கேஷ் (எடிட்டிங் தற்காலிக ஃபைல்கள்) இரண்டையும் முதல் எம்.2-ல் வைக்கிறேன், ஆர்க்கைவ் மட்டும் சிப்செட் பக்கம்.

இன்னொன்று: டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு விண்டோஸில் ஒரு கார்டைத்தான் பயன்படுத்தும். இரண்டாவது கார்டு கேட்டு வருபவரிடம் நான் முதலில் கேட்பது, "ரிசால்வ் ஸ்டூடியோ, அதாவது கட்டணப் பதிப்பு, லைசென்ஸ் இருக்குங்களா?"

குப்பம்

நமக்கு பெங்களூரு பக்கம், எஸ்.பி. ரோட்டில்தான் எல்லாம். மச்சானுக்கு பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வேலை. பி760 போர்டு வாங்கி வந்து, இரண்டு கார்டுக்கும் 16 லேனை எட்டு எட்டாகப் பிரிக்கச் சொன்னான். பயாஸ் முழுக்கத் துழாவியும் அப்படி ஒரு செட்டிங்கே இல்லை. இன்டெல் பி760-ல் பிரிக்கும் வசதியே கிடையாது, இசட் வரிசை மாதிரி அதை அனுமதிக்கும் சிப்செட் வேண்டும். அதிலும் எல்லா இசட் போர்டிலும் இரண்டாவது ஸ்லாட்டுக்கு அந்த எட்டு போகாது, பார்த்து வாங்கவேண்டும்.

சரி என்று இரண்டாவது கார்டை சிப்செட் ஸ்லாட்டிலேயே ஓட்டினோம். ரெண்டர் நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை. சீன் ஏறும்போது மட்டும் கொஞ்சம் இழுக்கிறது. ஏறியபின் கார்டு தன் மெமரியிலேயே வேலையை முடித்துக்கொள்கிறது. ஆனால் கார்டு மெமரி 12 ஜிபியும் 12 ஜிபியும் சேர்ந்து 24 ஆகும் என்று நினைத்திருந்தான். இரண்டு கார்டிலும் அதே சீன் தனித்தனியாக ஏறும், அதனால் 12 தான் எல்லை.

செங்கோட்டை

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். என் 3060-ஐ ஜிபியு-இசட் என்ற கார்டு விவர மென்பொருளில் பார்த்தால் பிசிஐஇ 1.1 என்று காட்டுகிறது. கடைக்காரர் பழைய கார்டைத் தள்ளிவிட்டாரா?

கொழிஞ்சாம்பாறை

இல்லை தம்பி. சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க லிங்க் இறங்கிவிடும். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும், அதை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓட்டினால் நிஜ வேகம் தெரியும். லோடில் 16 என்று வரவேண்டிய இடத்தில் 8 வந்தால்தான் யோசிக்கணும். சில இசட்790 போர்டில் ஐந்தாம் தலைமுறை எம்.2-வில் எஸ்.எஸ்.டி போட்டாலே கார்டு 8-க்கு இறங்கிவிடும். அது பழுது இல்லை, டிசைனே அப்படி.

நகரி

லேன் எல்லாம் சரி, இடத்தை யாரும் சொல்லவில்லையே! 2022 செப்டம்பரில் எத்திரியம் கிரிப்டோ நாணய மைனிங் நின்றபின் பழைய கார்டுகள் மலிவாக வந்தன, அதில் இரண்டு 3090 எடுத்தேன். ஒவ்வொன்றும் மூன்று ஸ்லாட் தடிமன். கீழ்க் கார்டை மாட்டினால் பவர் பட்டன் ஒயர் சொருகும் பின்கள் அதன் அடியில் மாட்டிக்கொண்டன. மேல் கார்டின் விசிறிக்கு விரல் நுழையக்கூட இடைவெளி இல்லை. சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் அது என்ன பாடுபடும் என்று சொல்லவேண்டுமா.

ஒரு கார்டுக்கு 350 வாட். இரண்டையும் 280 வாட்டுக்குக் குறைத்து, கீழ்க் கார்டை ரைசர் கேபிளில் (ஸ்லாட்டையும் கார்டையும் இணைக்கும் நீட்டிப்பு கேபிள்) கேபினெட்டுக்குள் நிமிர்த்தி வைத்தேன். மைனிங்காரர்கள் விற்கும் யுஎஸ்பி ஒயர் ரைசர் வேண்டாம், அதில் ஒரு லேன்தான் வரும். பட்டையான 16 லேன் கேபிள் கேளுங்கள், அதிலும் நான்காம் தலைமுறை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மூன்றாம் தலைமுறை கேபிளில் திரை வராமலே போகலாம். அது மட்டும்தான் கையில் இருந்தால், பயாஸில் அந்த ஸ்லாட்டை ஜென் 3 என்று மாற்றிவிட்டு ஆன் செய்யுங்கள்.